மேசைக்கு அடியில் ஈரச்சாக்கு

எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரம் கிடையாது. அதனால்தான் பட்டாசு வந்தது, தீப்பெட்டி வந்தது, அச்சாபீஸ் வந்தது என்பார்கள். அதே காரணத்துக்காக ஒரு மேடமும் வந்தார் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில், பஸ்ஸே நிற்கலாமா என்று யோசிக்கிற ஒரு இடத்தில் இருந்தது அந்தக் கல்லூரி. இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் அதன் பிசிக்ஸ் லேபில் நான் அட்டெண்டர்.

என் படிப்பைப் பற்றி ஒரு வரி போதும். பத்தாவது பாஸ்; ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் ஒரு வருஷம் படித்து, மிச்சத்தை வாத்தியாருக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். அப்புறம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு யூனிட்டில் மூன்று வருடம். பட்டாசு ரூமுக்குள் போகும்முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் இறங்கிவிடும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். தரை ஈரமாக இருக்க வேண்டும். அதற்கு நனைத்த சாக்கை விரித்து வைப்போம். காற்று வறண்டு கிடக்கும்போது நைலான் சேலை உரசினாலே பொறி வரும். இது எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலையில் எங்களுக்கு இரண்டு ரூம் தள்ளி இருந்த ரூம் போனது. போனது என்று சொன்னால் எங்கள் பக்கம் அதற்கு மேல் யாரும் விவரம் கேட்பதில்லை. அன்றைக்கு அங்கே தரையை நனைக்காமல் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள் என்று போர்மேன் சொன்னார். நிஜமாகவே அதுதான் காரணமா, கம்பெனியைக் காப்பாற்றச் சொன்னதா, தெரியாது. ஆனால் அந்தச் சொல் என் உடம்பில் ஏறிவிட்டது. அதன்பின் எங்கே வேலைக்குப் போனாலும், காலையில் முதல் காரியமாகத் தரையை நனைத்தால்தான் எனக்குக் கை ஓடும்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த என் அம்மா, யார் யாரையோ பிடித்து என்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்டாள். "எம் மகன் காலேஜ்ல இருக்கான்" என்று தெரு முழுக்கச் சொன்னாள். கேட்டவர்கள் நான் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா திருத்தவில்லை. நானும்தான்.

லேபில் மொத்தம் மூன்று பேர். துறைத் தலைவர் சார், மேடம், நான். சார் கையெழுத்துப் போட மட்டும் வருவார். மேடம் சாத்தூர்ப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் சர்ச் பள்ளிக்கூடத்து டீச்சர்கள். வயது முப்பதைத் தொடவில்லை. எந்நேரமும் காட்டன் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, கையில் ஒரு இடுக்கி. லேசர் வைத்த அந்த அறையில் தண்ணீர், டீ, டிபன் எதுவும் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார். எனக்கு முன்னால் இருந்த அட்டெண்டரை, டீயைக் கொட்டினான் என்று சார் அன்றைக்கே அனுப்பிவிட்டாராம்.

அந்த நோட்டீஸைப் படித்துவிட்டுத்தான் நான் சாக்கை நனைத்தேன். தரையில் தெளித்தால் தெரிந்துவிடும் என்று, மேசைக்கு அடியில் பேட்டரிப் பெட்டிகளுக்குப் பின்னால், மடித்த ஈரச்சாக்கு ஒன்றைத் தினமும் போட்டு வைத்தேன். மேலே பெரிய பெரிய கரண்ட் சாமான்கள், பிளாஸ்டிக் பெட்டி, வறண்ட காற்று. மேடம் பாட்டுக்கு ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிறார். நல்லதுதானே என்று நினைத்தேன்.

வேலை என்னவென்று சேர்ந்த வாரமே கேட்டேன்.

"மேடம், இது என்ன மிசின்?"

"டெராஹெர்ட்ஸ் அலை விடுற மிசின். ரேடியோ அலைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல ஒரு அலை இருக்கு. அத ஒரு பொருளுக்குள்ள அனுப்பி, அந்தப் பக்கம் எம்புட்டு வருதுன்னு பாத்தா, உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிரலாம்."

"என்ன பொருளு?"

இடுக்கியால் ஒரு கண்ணாடித் துண்டைத் தூக்கிக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸ் வழியாகப் பார்த்தால், ரவையில் பாதி அளவுக்கு ஒரு சாம்பல் பிசுறு. ஏடு ஏடாக உரியும் ஒரு கறுப்புக் கல்லில் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுத்தது. கனம் என்று ஒன்று இருப்பதாகவே சொல்ல முடியாது. நீளம், அகலம் மட்டும்தான்.

"இதுக்கா இம்புட்டுப் பெரிய மேசை?"

"சிரிக்காத. அலையே இதவிட நீளம் தம்பி. அதான் சிக்கல்."

"அப்ப மெயின் ரோட்டுல லாரி போகுது, நடுவுல எறும்பு கெடக்கு. லாரிக்குத் தெரியவா போகுது?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "அதேதான். அப்ப ரோட்ட முழுசா அடைச்சிட்டு, எறும்பு கெடக்குற எடத்துல மட்டும் ஒரு ஓட்டை விட்டா?"

"லாரி போகாதே மேடம்."

"கொஞ்சூண்டு போகும். அந்தக் கொஞ்சத்த நாலு மணி நேரம் சேத்துச் சேத்து அளந்தா ஒரு கோடு கிடைக்கும்."

அந்த ஓட்டையைப் போட்டது நான். ரெண்டு முடியைச் சேர்த்து வைத்த அகலம்தான் இருக்க வேண்டும் என்றார். வெளியூரில் கேட்டால் மாதக்கணக்கில் ஆகும். நான் பித்தளைத் தகட்டை ஈயக் கட்டிமேல் வைத்து, ஊசி முனையால் ஒரு அழுத்து அழுத்தி, மறுபக்கம் புடைத்ததை எண்ணெய்க் கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் ஒரு புள்ளியாக எட்டிப் பார்த்ததும் நிறுத்தினேன். பதினேழு தகடு வீண். பதினெட்டாவது சரியாக வந்தது. லென்ஸில் பார்த்துவிட்டு மேடம், "ஏலே, ஐ.டி.ஐ.ய எதுக்குலே பாதியில விட்ட?" என்றார். அவர் என்னை 'லே' போட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு நான் பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன். சீட் இருந்தது.

அந்த ஓட்டையை மூடுகிற அளவுக்கு அகலமாகவும் மெல்லிசாகவும் இருந்த பிசுறு ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் கிழிசல். அந்த ஒன்றை ஓட்டைமேல் சும்மா படுக்க வைத்திருப்பார்; ஊசியால் எடுப்பார், வைப்பார், எடுப்பார். பசை போட்டால் அலை பசையையும் சேர்த்துக் காட்டும். சித்திரையில் வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருவதாக இருந்தது. அவர் முன்னால் ஒரு சுத்தமான கோடு, அதுவும் மறுபடி எடுத்தாலும் அதே மாதிரி வருகிற கோடு, காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மிசினை வேறு கல்லூரிக்குத் தூக்கிவிடுவார்கள். அதோடு மேடத்தின் மூன்று வருட ஆராய்ச்சியும் முடிந்தது. இதை அவர் அழுதெல்லாம் சொல்லவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

கோடு சுத்தமாக வரவில்லை. வழவழவென்று இறங்க வேண்டிய கோட்டில் அங்கங்கே பள்ளம், பல் விழுந்த சீப்பு மாதிரி.

"தண்ணி" என்றார் மேடம். "காத்துல இருக்குற ஈரம். இந்த அலைய ஈரம் குடிச்சிரும்."

"நம்ம மாவட்டத்துலயா மேடம்? எங்க தெருவுக்குக் குடிக்கவே லாரியில வருது."

"அதான் எனக்கும் புரியல. காத்து வறண்டு கெடக்குற ஊருன்னுதான் இங்கன வந்தேன்."

சுவரில் மாட்டியிருந்த ஈரமானி வறட்சி என்றுதான் காட்டியது. அளவு எடுக்கும் இடத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் மட்டும் ஈரம். ஈரக்காற்றை வெளியே தள்ளுவதற்கு மதுரையிலிருந்து வரவேண்டிய நைட்ரஜன் சிலிண்டர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தது. பெட்டியை நன்றாக அடைத்து, உள்ளே ஈரம் உறிஞ்சும் உப்புப் பொட்டலம் போட்டுச் சமாளித்தார். மாசி முழுக்க இரண்டு பேரும் பெட்டியில் சந்து தேடினோம். நான் மெழுகை உருக்கி மூலை மூலையாக ஊற்றினேன். "கொழுக்கட்டைக்குப் பூரணம் வச்ச மாதிரி அடைச்சாச்சு மேடம், இனி எமனே வந்தாலும் உள்ள போக முடியாது" என்றேன். மறுநாளும் பள்ளம். மேடம் இரண்டு வாரத்தில் இளைத்துப்போனார். சார் கதவருகில் நின்று, "என்னம்மா, இன்னும் தண்ணியத்தான் அளக்குறியா? அதுக்கு ஆஸ்பத்திரியில ஒரு மீட்டர் இருக்கே" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தால் வாய் கசக்கிறது.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, மேடம் என்னைத் திரைக்கு முன் உட்கார வைத்தார். "எம்புட்டு ஈரம் போதும்னு காட்டுறேன் பாரு." பெட்டியின் மூடியை லேசாகத் தூக்கி, உள்ளே ஒரு தடவை ஊதினார். அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து வந்த கோட்டில் பள்ளங்கள் ஆழமாகிக் கிடந்தன.

"ஒரு மூச்சு தம்பி. ஒரு மூச்சுக்கே இப்படி."

நான் மெல்லக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். மேசையின் மேல்பலகை உள்ளூர்ப் பட்டறையில் செய்தது. சாமான்களைத் திருகி முடுக்குவதற்காகப் பலகை முழுக்க, கீழே வரைக்கும் இறங்குகிற துளைகள். அதன்மேல்தான் பெட்டி. அதன் நேர் கீழே என் சாக்கு. நான் மெழுகால் சுவரை எல்லாம் அடைத்துவிட்டு, தரையைத் திறந்து விட்டிருக்கிறேன். தினமும் காலையில், பயபக்தியோடு.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். ஆனால் கதவில் நோட்டீஸ் இருந்தது, டீ கொட்டியவன் கதை இருந்தது. இந்த வேலை போனால் மறுபடி நாரணாபுரம்தான், செம்புத் தகடுதான். அம்மா தெருவுக்கெல்லாம் சொல்லிவைத்த கல்லூரி வேறு. மேடம் சாப்பிடப் போன நேரத்தில் சாக்கைச் சுருட்டி, சட்டைக்குள் ஈரம் ஊற ஊற, பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன்.

நாலு நாளில் மேசை காய்ந்தது. கோடு வழவழவென்று வந்தது. மேடம் திரைமேல் விரலை வைத்துக் கோடு நெடுகத் தடவிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உன் மெழுகுதான் தம்பி. நீ கடைசியா ஊத்துன மூலைதான் கோளாறா இருந்திருக்கு" என்றார்.

"நம்ம கை அப்பிடி மேடம்" என்றேன்.

இதை எழுதும்போது அந்த வாக்கியத்தை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் பார்த்தேன்.

நிபுணர் அடுத்த வாரமே வந்தார். ஒல்லியான, பொறுமையான மனிதர். துறைத் தலைவர் சாரும் கூடவே வந்து நின்றார். அன்றைக்கு மேடம் வழக்கமான காட்டன் சேலையில் வரவில்லை. ஊதா நிறத்தில், மினுமினுவென்று ஒரு சிந்தடிக் சேலை. அவர் அம்மா எடுத்துக் கொடுத்ததாம். ஸ்டூலில் உட்கார்ந்து எழும்போதெல்லாம் முந்தானை கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் பார்த்தேன். பட்டாசு ரூம் வாசலில் இப்படி ஒரு சேலை வந்திருந்தால், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் ஒரே குரலில் வெளியே போகச் சொல்லியிருப்போம்.

நான் சொன்னது வேறு. "மேடம், இன்னைக்கு என்ன, பொண்ணு பாக்க வாராகளா?"

"வாய மூடுலே, பயமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். ஓட்டை போட்ட அன்றைக்கு ஒரு தடவை மட்டும்தான் 'லே' சொன்னார் என்று மேலே எழுதியது தப்பு. இது இரண்டாவது.

மேடம் காலையில் எடுத்த கோட்டை நிபுணர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கும்மா. இந்த அளவு சின்ன சாம்பிள்ல இப்படி நான் பாத்ததில்ல. இப்ப சாம்பிள எடுத்துட்டு, வெறும் ஓட்டைக்கு ஒண்ணு எடுங்க. மறுபடி வச்சு ஒண்ணு. ரெண்டும் ஒத்து வந்தா சாயங்காலமே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

மேடம் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். கழற்றும்போது முந்தானை அதில் நெடுக உரசியது. ஊசியை எடுத்தார். நூறு தடவை செய்த வேலை. ஊசி முனை கிட்டே போனது. தொடவில்லை. 'டிக்' என்று எறும்பு கடித்த மாதிரி ஒரு சத்தம்; எனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும், அந்தச் சத்தத்துக்காகவே மூன்று வருடம் காதைத் தீட்டி வைத்திருந்தவன் நான். ஓட்டைமேல் பிசுறு இல்லை.

வெள்ளைத் தாளை விரித்துத் தேடினோம். லென்ஸ் வைத்துத் தேடினோம். ஊதா சேலையின் மடிப்பு மடிப்பாக மேடம் பிரித்துப் பார்த்தார். முட்டி போட்டுத் தரையைத் தடவினார். ஏடு மாதிரி ஒன்று, மூச்சு விட்டாலே பறக்கிற ஒன்று, எங்கே என்று தேட?

"முன்னெல்லாம் இப்படித் துள்ளுனதே இல்லையே" என்று தரையில் இருந்தபடியே சொன்னார். யாரிடமும் இல்லை. "எத்தனை தடவை எடுத்து வச்சிருக்கேன். இன்னைக்கு மட்டும் ஏன்?"

ஏன் என்று அந்த அறையில் ஒருவனுக்குத் தெரியும். முன்னெல்லாம் கீழே ஈரச்சாக்கு இருந்தது. அது ஏற்றிவிட்ட ஈரத்தில் கரண்ட் எல்லாம் இறங்கிவிட்டது; சேலையும் பருத்தி. சாக்கு இருந்தால் கோடு கெடும்; சாக்கு இல்லாவிட்டால் பிசுறு துள்ளும். இரண்டில் எதை மேடம் முன்கூட்டியே அறிந்திருந்தாலும், ஒரு செம்புக் கம்பியைத் தரையில் இறக்கிக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலை முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"வந்திருக்குற சாரப் பாத்துப் பயந்து ஓடியிருக்கும் மேடம்."

துறைத் தலைவர் சார் வாய்விட்டுச் சிரித்தார். நிபுணர்கூடச் சிரிக்காமல் இருக்க முயன்றார். மேடம் என்னைப் பார்க்கவில்லை, தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நிபுணர் போகும்போது மெதுவாகச் சொன்னார்: "ஒரு தடவை வந்த கோட்ட வச்சு நான் எதுவும் எழுத முடியாதும்மா. நீங்களே எழுத மாட்டீங்க."

"ஆமா சார்" என்றார் மேடம். "எழுத மாட்டேன்."

துறைத் தலைவர் சார் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் என்னிடம், "கையில பொறுமை வேணும்லா. சேலை கட்டிட்டு வந்தா போதுமா" என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், அதற்கும் தலையாட்டினேன்.

வைகாசியில் மிசினை எடுத்துப்போக லாரி வந்தது. கறுப்புக் கல்லை மறுபடி உரித்து உரித்துப் பார்த்தும் அந்த அளவுக்கு இன்னொன்று கிடைக்கவில்லை. சாமான்களை நான்தான் வைக்கோல் வைத்துக் கட்டினேன். மேடம் பட்டியலைப் பார்த்து டிக் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியாகப் பேட்டரிப் பெட்டிகளை நகர்த்தி, லோடுமேன்கள் மேசையைத் தூக்கினார்கள்.

தரையில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், காய்ந்தால் பூத்துவிடும். சாக்கின் நெசவு, நெடுக்கே பாவு, குறுக்கே ஊடு எல்லாம் அச்சடித்த மாதிரி அப்படியே சிமெண்டில் பூத்துக் கிடந்தது. சிவகாசி அச்சாபீஸில்கூட அம்புட்டுத் துல்லியமாக வராது.

மேடம் குனிந்து விரலால் தொட்டார். விரலை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். லோடுமேன்கள் மேசையோடு வெளியே போனதும் கேட்டார்.

"எத்தனை மாசமா?"

"சேந்ததுலருந்து மேடம்."

"எப்ப எடுத்த?"

"நீங்க ஊதிக் காட்டுன அன்னைக்கு."

பேனாவை மூடினார். "மெழுகுன்னு நான் சொன்னப்ப?"

கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைவசம் ஒரு நக்கலும் இல்லை.

"எதுக்குப் போட்ட?"

"பட்டாசு ரூம்ல பழகுனது மேடம், துணி உரசிப் பொறி வந்துரக் கூடாதுன்னு. உங்களுக்கு ஏதும் ஆயிரக் கூடாதுன்னு."

அதைக் கேட்டதும் அவர் முகம் இளகியது. அந்த இளக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், நின்றார்.

"இது பட்டாசு ரூமா இருந்து, அந்தச் சேலையோட நான் வந்திருந்தா, சொல்லியிருப்பேல்ல?"

"சொல்லியிருப்பேன் மேடம்."

"சரி" என்று போனார். சாத்தூருக்கே போய் அப்பா அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே டீச்சராகச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். ஆராய்ச்சியை வேறு எங்கும் தொடர்ந்த மாதிரி தகவல் இல்லை. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகும் பஸ் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போகும். ஒவ்வொரு ஆடியும் அம்மாவோடு போகிறேன். இறங்கியதில்லை.

மிசின் போன மறுநாள் சார் வந்து தடத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னலே அசிங்கம்? கழுவு" என்றார். கழுவினேன். ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். போய்விட்டது. பழைய நாற்காலிகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அடுத்த பங்குனியில், வெயில் ஏறி அறை காய்ந்ததும், நாற்காலிக் கால்களுக்கு நடுவில் அதே சதுரம், அதே சாக்கு, ஒரு இழை குறையாமல் மறுபடி பூத்திருந்தது.